ஜெர்மனியில் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் முன்: மினிஜாப் பதிவு, செலவு, பொறிகள்

வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம். வீட்டைக் கூட்டித் துடைத்து, குளியலறையைக் கழுவி, நேரமிருந்தால் துணிக்கு இஸ்திரி போட ஒருவர் வந்தால் போதும் என்றுதான் நாங்கள் ஆரம்பித்தோம். தெரிந்தவர் மூலம் ஒரு அம்மா வந்தார். வியாழக்கிழமை வருவார், போகும்போது கையில் காசு. மூன்று மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு பனிக்கால வியாழனில் எங்கள் கட்டடப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை, சிராய்ப்புதான். ஆனால் கால் முறிந்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் விழுந்திருக்கும் என்று அன்று இரவு உட்கார்ந்து தேடிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதிவு செய்யாமல் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பது இங்கே சட்ட மீறல். 5,000 யூரோ வரை அபராதம் போடலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு அமைப்பு அடிபட்டவருக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு, செலவை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். விசாவில் இருக்கும் நமக்கு இதெல்லாம் வேண்டாத தலைவலி.

எனக்கு இதைவிட ஆச்சரியமாக இருந்தது கணக்குதான். ஒழுங்காகப் பதிவு செய்தால், கையில் காசு கொடுத்த நாட்களைவிட வருடத்துக்குக் குறைவாகவே செலவாகிறது. 4-ஆம் படியில் அதைப் போட்டுக் காட்டுகிறேன். 2026-ஆம் ஆண்டின் எண்களைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். குறைந்தபட்ச ஊதியம் ஏறும்போது மினிஜாப்புக்கான மாதச் சம்பள வரம்பும் ஏறும்.

1. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, துப்புரவு நிறுவனத்திடம் போவது. அவர்கள் ஆளை அனுப்புவார்கள், பில் கொடுப்பார்கள், உங்களுக்குக் காகித வேலை கிடையாது. ஆனால் மணிக்கணக்குக் கட்டணம் அதிகம், 19 சதவீத விற்பனை வரியும் அதற்குள் அடங்கியிருக்கும். அவசரத்துக்கும், நாலைந்து மாதம் மட்டும் தங்குபவர்களுக்கும் இதுதான் சரி.

இரண்டாவது, சுயதொழிலாகச் சுத்தம் செய்பவர். தொழில் பதிவுச் சான்றான கெவெர்பேஷைன் வைத்திருப்பார், பில் போடுவார். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை, நேரத்தை நீங்கள்தான் சொல்கிறீர்கள், துடைப்பம் முதல் சோப்பு வரை உங்களுடையது என்றால், பேருக்குத்தான் சுயதொழில், உண்மையில் இவர் உங்கள் ஊழியர் என்று அதிகாரிகள் முடிவு செய்யக்கூடும். சான்றிதழ் ஒன்று இருந்தாலே பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது, நீங்களே முதலாளியாகி ஒருவரை மினிஜாப்பில் அமர்த்துவது. மாதச் சம்பளம் 603 யூரோவைத் தாண்டாத வேலைக்குத்தான் இந்தப் பெயர். தனி வீடுகளுக்கென்று ஹவுஸ்ஹால்ட்ஸ்ஷெக் என்ற எளிய நடைமுறை வைத்திருக்கிறார்கள். வாரம் மூன்று நான்கு மணி நேர உதவி வேண்டும், ஒரே ஆள் தொடர்ந்து வரவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். இனி வருவதெல்லாம் இந்த வழி பற்றித்தான்.

ஆளைத் தேட, பதிவை நடத்தும் மினிஜாப் சென்ட்ராலேயே ஹவுஸ்ஹால்ட்ஸ்ஜாப் பியூர்ஸே என்று ஓர் இலவசத் தளம் நடத்துகிறது. எங்களுக்கு என்னவோ பக்கத்து வீட்டார் சொல்லித்தான் ஆள் கிடைத்தார்.

2. வருபவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று பாருங்கள்

கூச்சப்பட்டு இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் என்றால் பிரச்சினையே இல்லை, அடையாள அட்டை போதும். மற்றவர்கள் என்றால் குடியிருப்பு அட்டையையும், அதோடு தனித்தாள் கொடுத்திருந்தால் அதையும் கேட்டுப் படியுங்கள். எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லௌப்ட் அல்லது கெஷ்டாட்டெட் என்று இருந்தால் வேலை செய்யலாம். வெளிநாட்டினர் அலுவலகத்தின் அனுமதியோடு மட்டும் என்று எழுதியிருந்தால், அந்த அனுமதி வந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். பார்ப்பது முதலாளியின் கடமை. நகல் எடுத்து வேலை முடியும்வரை வைத்திருக்க வேண்டியதும் நீங்கள்தான்.

நம் ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் என்று வரம்பு உண்டு. நான்கு மணி நேரம் வரை அரை நாள் கணக்கு. அவர்கள் வேறு கடையிலோ கிடங்கிலோ வேலை செய்தால் அந்த நாட்களும் இதில் சேரும், எனவே எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். ப்ளூ கார்டு (உயர்கல்வி பெற்றவர்களின் வேலைக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கு இப்படி வரம்பு கிடையாது.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் உறவினருக்கோ தெரிந்தவருக்கோ சம்பளம் கொடுத்து வேலை வாங்குவது கூடாது. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா சமைத்துப் போடுவது வேலைவாய்ப்பு ஆகாது, பயப்பட வேண்டாம். அதே விசாவில் வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு மணிக்கு இவ்வளவு என்று பேசினால் கதை வேறு.

3. அவர் இன்னும் எத்தனை வீட்டில் வேலை செய்கிறார்?

நான் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். 603 யூரோ என்பது உங்கள் வீட்டுக்கு மட்டுமான வரம்பு அல்ல. அவருடைய மினிஜாப்கள் எல்லாம் கூட்டப்படும். மாதம் 195 யூரோ வீதம் மூன்று வீடு என்றால் 585, தாங்கும். நான்காவது வீடு வந்தால் 780. அதோடு எந்த வீட்டிலும் அது மினிஜாப் அல்ல, முழுச் சமூகக் காப்பீடு கட்டவேண்டிய வேலை. ஹவுஸ்ஹால்ட்ஸ்ஷெக் செல்லாது, அவருடைய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் வழக்கமான முறையில் பதிவு செய்து மாதாமாதம் கட்டவேண்டும்.

வேறு ஒரு முழு நேர அல்லது முக்கிய வேலை வைத்திருப்பவர் என்றால், அதோடு ஒரே ஒரு மினிஜாப் மட்டும் தனியாக விடப்படும். இரண்டாவது மினிஜாப் முக்கிய வேலையோடு சேர்ந்துவிடும்.

ஆகவே ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வேறு என்ன வேலை, மாதம் எவ்வளவு, மாற்றம் வந்தால் எனக்குச் சொல்வேன், கையெழுத்து. பின்னால் வரம்பு மீறியது தெரியவந்தாலும், முறையாக விசாரித்த முதலாளிக்கு, அதிகாரிகள் முடிவைத் தெரிவிக்கும் நாளிலிருந்துதான் முழுக் காப்பீட்டுப் பொறுப்பு தொடங்கும். கேட்காமலே அசட்டையாக இருந்தவருக்குப் பழைய மாதங்களுக்கும் சேர்த்து வரலாம்.

4. சம்பளமும் உண்மையான செலவும்

குறைந்தபட்ச ஊதியம் 2026-இல் மணிக்கு 13.90 யூரோ, 2027-இல் 14.60. வீட்டு வேலைக்கும் இதுதான். எங்கள் பேச்சு 15 யூரோ. வாரம் 3 மணி என்றால் 45 யூரோ. இதை நான்கால் பெருக்கிவிடாதீர்கள், மாதத்தில் நான்கு வாரத்துக்கு மேல் இருக்கிறது. 45 பெருக்கல் 52, வகுத்தல் 12. மாதம் 195 யூரோ.

இதற்கு மேல் நீங்கள் கட்டவேண்டியவை: மருத்துவக் காப்பீட்டுக்கு 5 சதவீதம், ஓய்வூதியத்துக்கு 5, விபத்துக் காப்பீட்டுக்கு 1.6, வருமான வரிக்கு 2, நோய் மற்றும் மகப்பேறு ஈட்டு நிதிகளுக்குக் கொஞ்சம். எல்லாம் சேர்த்து 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கடைக்கும் நிறுவனத்துக்கும் வரும் மினிஜாப் செலவைவிட இது பாதிதான். 195-க்குச் சுமார் 29 யூரோ.

வருடத்துக்குச் சம்பளம் 2,340, கட்டணம் சுமார் 348, மொத்தம் 2,690-க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது வரி. வீட்டு மினிஜாப் செலவில் 20 சதவீதத்தை, வருடத்துக்கு 510 யூரோ வரை, நீங்கள் கட்டவேண்டிய வருமான வரியிலிருந்தே நேராகக் கழிப்பார்கள். நம் செலவுக்கு 20 சதவீதம் 510-ஐத் தாண்டிவிடுகிறது, எனவே முழு 510 கிடைக்கும். மிஞ்சுவது சுமார் 2,180. கையில் காசாகக் கொடுத்திருந்தால் 2,340. பார்த்தீர்களா? 160 யூரோ மிச்சம், போதாக்குறைக்கு அவருக்கு விபத்துக் காப்பீடும் உண்டு.

இங்கே வருமான வரி கட்டுபவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. வரியே வராத வருடத்தில் 510 கையில் வராது, அடுத்த வருடத்துக்கும் நகராது.

ஒன்றை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் கட்டும் அந்த 5 சதவீதத்தால் அவருக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்துவிடாது. அது அவருக்கு வேறு வழியில் இருக்கவேண்டும், குடும்பக் காப்பீடாகவோ மாணவர் காப்பீடாகவோ.

5. ஓய்வூதியக் கட்டம்: நான் பணத்தை விட்ட இடம்

படிவத்தில் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து விலக்கு கோருகிறாரா என்று ஒரு கேள்வி இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த அம்மாவும் தோளைக் குலுக்கினார். காலியாக விட்டுவிட்டோம்.

விலக்குக் கேட்காவிட்டால் அவரும் ஓய்வூதியத்துக்குக் கட்டவேண்டும். மொத்தம் 18.6 சதவீதம், அதில் உங்கள் 5 போக அவர் பங்கு 13.6. 195 யூரோவுக்கு அது 26.52. இதை நீங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு 168.48 மட்டும் கொடுக்கவேண்டும். நான் முழு 195-ஐக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அரையாண்டு முடிவில் என் கணக்கிலிருந்து 174 போகும் என்று நினைத்த இடத்தில் 333 போயிற்று. விட்டுப்போன பிடித்தத்தை அடுத்த மூன்று சம்பளங்களில்தான் சரிசெய்யலாம் என்கிறது சட்டம். ஆறு மாதப் பாக்கியை மூன்று சம்பளத்தில் பிடித்தால் அவருக்கு என்ன மிஞ்சும்? தவறு என்னுடையது, நானே ஏற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. சம்பளம் 175 யூரோவுக்குக் கீழே இருந்தாலும் ஓய்வூதியக் கணக்கு 175-இலிருந்துதான் தொடங்கும். மாதம் 130 யூரோ வாங்குபவருக்கு மொத்தப் பங்கு 32.55. உங்கள் 5 சதவீதமான 6.50 போக, 26.05 அவர் பணம். 130-இல் 26 போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது! வேறு காப்பீடு உள்ள முக்கிய வேலை இருந்தால் இந்தக் குறைந்தபட்சம் பொருந்தாது. மற்ற மினிஜாப்களோடு சேர்த்து 175 வந்தாலும் அப்படியே.

விலக்கு வேண்டுமா என்பது அவர் முடிவு, உங்களுடையது அல்ல. இங்கேயே வயதாகப் போகிறவருக்கு இந்த மாதங்கள் ஓய்வூதியக் கணக்கில் சேர்வது பயன். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பும் மாணவர் விலக்கு வாங்கலாம். வேண்டுமென்றால் எழுத்தில் தரவேண்டும். அவருடைய எல்லா மினிஜாப்புக்கும் அது பொருந்தும், நினைத்தபோதெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது.

6. ஒப்பந்தம்

இரண்டு பக்கம் போதும். மினிஜாப் சென்ட்ராலே மாதிரி ஒப்பந்தம் தருகிறது, அதை நிரப்பினாலே சரி. தொடங்கும் தேதி, வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி, எந்த நாள், மணி ஊதியம், விடுமுறை, நீக்க அறிவிப்புக் காலம், சோதனைக் காலம் இவ்வளவும் இருக்கட்டும். என்ன வேலை என்பதை விவரமாக எழுதுங்கள். ஜன்னல் துடைப்பது உண்டா, பால்கனி உண்டா என்று எழுதாமல் விட்டதால் எங்களுக்குள் ஒரு சின்ன மனக்கசப்பு வந்தது.

வேலை வீட்டு வேலையாகவே இருக்கவேண்டும்: சுத்தம், சமையல், துணி, தோட்டம், குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்வது. உங்கள் கடையையோ அலுவலகத்தையோ அதே ஒப்பந்தத்தில் துடைக்கச் சொன்னால் ஹவுஸ்ஹால்ட்ஸ்ஷெக் பொருந்தாது.

7. பதிவு

வேலை தொடங்கிய உடனே செய்யுங்கள். மினிஜாப் சென்ட்ராலேயின் இணையதளத்தில் நேரடியாகப் பதியலாம், காகிதப் படிவமும் உண்டு. பதிவுக்குக் கட்டணம் இல்லை. எல்லாத் தகவலும் பக்கத்தில் இருந்தால் அரை மணி நேர வேலை. எனக்கு ஒரு வாரம் ஆனது, காரணம் ஒவ்வொரு கேள்விக்கும் அவருக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருந்தேன். முன்கூட்டியே வாங்கி வையுங்கள்:

அவருடைய முழுப் பெயர், பிறந்தபோது வேறு குடும்பப் பெயர் என்றால் அதுவும், முகவரி, ஓய்வூதியக் காப்பீட்டு எண். எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட எண் அது. புதிதாக வந்தவருக்கு அந்த எண் இருக்காது. அப்போது பிறந்த தேதி, பிறந்த ஊர், குடியுரிமை கொடுத்தால் போதும். மருத்துவக் காப்பீடு அரசு முறையா தனியாரா, வேறு வேலை உண்டா, சம்பளம் எவ்வளவு, தொடங்கும் தேதி. உங்கள் பக்கம் வங்கிக் கணக்கு எண்ணும், பணம் எடுத்துக்கொள்ள நேரடிப் பற்று அனுமதியும். இந்த அனுமதி இல்லாமல் ஹவுஸ்ஹால்ட்ஸ்ஷெக் நடக்காது. முதலாளிக்கான எட்டு இலக்க எண்ணை அவர்களே ஒதுக்கி அனுப்புவார்கள், அதற்கென்று வேறு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்.

நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்ற பழைய குழப்பம் இங்கும் வரும். கடவுச்சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள், எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் கடிதம் திரும்பி வரும்.

மாதச் சம்பளம் நிலையானதா மாறுவதா என்றும் கேட்கும். நிலையானது என்றால் ஒருமுறை பதிந்ததோடு சரி. மாறும் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை மாத வாரியாகத் தொகையைத் தெரிவிக்கும் படிவம் வரும். முடிந்தவரை நிலையானதாக வையுங்கள்.

8. பணம் எப்போது போகும்

சம்பளத்தை நீங்கள் அவருக்கு மாதாமாதம் கொடுக்கிறீர்கள். கட்டணத்தை மினிஜாப் சென்ட்ராலே வருடத்துக்கு இரண்டே முறை எடுக்கும். ஜனவரி முதல் ஜூன் வரைக்குமானது ஜூலை 31-இல், ஜூலை முதல் டிசம்பர் வரைக்குமானது அடுத்த ஜனவரி 31-இல். விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கணக்கைக் காலி செய்யும் மாதம் ஜூலை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். கையில் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை, ஆனால் டிசம்பரில் நவம்பர் சம்பளம் கொடுத்தோமா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

9. விடுமுறையும் காய்ச்சலும்

மினிஜாப் என்றாலும் அவர் ஊழியர்தான். சம்பளத்தோடு விடுமுறை வருடத்துக்கு குறைந்தது நான்கு வாரம். வாரம் ஒரு நாள் வருபவருக்கு அது நான்கு நாட்கள். நீங்கள் ஊருக்குப் போய் ஆறு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால், அது அவர் குற்றம் அல்ல, எனவே சம்பளத்தை நிறுத்த முடியாது. முன்கூட்டியே பேசி அவர் விடுமுறையை அதே வாரங்களில் வைக்கலாம், மீதி நாட்களுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ அலமாரி துடைக்கவோ வரச்சொல்லலாம்.

வேலை நாளில் அரசு விடுமுறை வந்தால் அன்றைய கூலி உண்டு. எங்கள் நாள் வியாழன், மே மாதத்தில் கிறிஸ்து விண்ணேற்ற நாள் தவறாமல் வியாழனில்தான் வரும். அதைத் தவிர்க்க நாளை மாற்றச் சொல்வது அழகல்ல.

உடம்பு சரியில்லை என்றால், வேலைக்குச் சேர்ந்து நான்கு வாரம் ஆன பிறகு, ஆறு வாரம் வரை சம்பளம் கொடுக்கவேண்டும். பயப்பட வேண்டாம், அதில் 80 சதவீதத்தை ஈட்டு நிதியிலிருந்து திரும்பக் கேட்கலாம். நீங்கள் கட்டும் சின்னச் சதவீதம் இதற்குத்தான். மகப்பேறு காலத்துக்கு முழுத் தொகையும் திரும்பும். தானாக வராது, விண்ணப்பிக்கவேண்டும். மற்ற வேலைகளில் மருத்துவச் சான்று மின்வழியில் முதலாளிக்குக் கிடைத்துவிடும், வீட்டு மினிஜாப்புக்கு அந்த வசதி இல்லை. காகிதச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

10. சாவியும் உடைந்த கண்ணாடியும்

வேலையில் கைதவறி உடைத்ததற்குச் சாதாரணமாக அவரிடம் பணம் கேட்க முடியாது, ஊழியரின் பொறுப்பு குறைவு என்பது இங்குள்ள நீதிமன்றங்களின் நிலை. விலையுயர்ந்த பொருளை எடுத்து உள்ளே வையுங்கள். சாவிதான் உண்மையான கவலை. பல அடுக்குமாடிகளில் எல்லாப் பூட்டும் ஒரே தொகுதி, ஒரு சாவி தொலைந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் பூட்டு மாற்றும் செலவு உங்கள் மேல் வரலாம். உங்கள் பொறுப்புக் காப்பீட்டில் சாவி இழப்பும் வீட்டு உதவியாளரும் அடக்கமா என்று அந்தக் காப்பீட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சாவி கொடுத்த தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

11. வரி விண்ணப்பம்

வருடத் தொடக்கத்தில் மினிஜாப் சென்ட்ராலேயிலிருந்து முந்தைய ஆண்டின் சம்பளமும் கட்டணமும் காட்டும் சான்று வரும். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், நான் கிட்டத்தட்டப் போட்டேன். வரி விண்ணப்பத்தில் வீட்டுச் செலவுகளுக்கான தனி இணைப்பில் அந்தத் தொகைகளை எழுதவேண்டும். கட்டாயம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த ஆண்டு ஜூலை 31 கடைசி நாள். கட்டாயம் இல்லாதவர்கள் நான்கு ஆண்டுவரை தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

துப்புரவு நிறுவன வழியில் போனவர்களுக்கு 20 சதவீதத்தில் உச்சவரம்பு 4,000 யூரோ. ஆனால் உழைப்புக் கூலி, போக்குவரத்து, சோப்பு போன்று தீர்ந்துபோகும் துப்புரவுப் பொருள் இவற்றுக்குத்தான், மற்ற பொருட்களுக்கு இல்லை. பில்லும் வங்கிப் பரிமாற்றமும் கட்டாயம். பணமாகக் கொடுத்தால் ரசீது இருந்தாலும் செல்லாது.

12. முடிக்கும்போது

நீக்குவதாக இருந்தாலும் அவர் விலகுவதாக இருந்தாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது செல்லாது, மின்னஞ்சலும் செல்லாது. சோதனைக் காலத்தில் இரண்டு வாரம் முன்னறிவிப்பு, பிறகு மாதத்தின் 15-ஆம் தேதிக்கோ கடைசித் தேதிக்கோ நான்கு வாரம். எடுக்காத விடுமுறை நாட்களுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். சாவியை வாங்குங்கள்.

அப்புறம் மினிஜாப் சென்ட்ராலேக்கு வேலை முடிந்த தேதியைத் தெரிவியுங்கள். சம்பளம் நிலையானது என்று பதிந்திருந்தால், நீங்கள் சொல்லாதவரை அவர்களைப் பொறுத்தமட்டில் அந்த அம்மா இன்னும் ஒவ்வொரு வியாழனும் வந்துகொண்டுதான் இருப்பார், ஜனவரி 31-இல் பணமும் போகும்.